வார்ப்புருவும் பொதுவாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட பிறகு, எங்கள் பகுதிப் பிள்ளைகள் அதைப் பற்றி எழுதும் பள்ளிக் கட்டுரைகளைப் படித்துத் திருத்தித் தரும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. அவற்றுள் ஒன்றில், "1914-இல் திறக்கப்பட்ட செங்குத்துத் தூக்குப் பாலம்" என்று ஒரு வரி இருந்தது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்கு, இரு கைகளைப் போல இரு பக்கமும் பிரிந்து மேலெழும் ஷெர்சர் வகையைச் சேர்ந்தது. ஆட்கள் நெம்பிச் சுழற்றித் திறந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே கண் அப்படியே மேலே உயர்வது புதிய பாலத்தில்தான். இந்த விவரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது, கைபேசியில் ஒரு மொழியின் விக்கிப்பீடியா கலைக்களஞ்சியப் பக்கத்தில் ஆண்டையும், வேறொரு மொழியின் பக்கத்தில் பாலத்தின் வகையையும் பார்த்து எழுதியதாக அந்த மாணவி சொன்னாள். பக்கத்தின் வலது ஓரத்தில் கட்டம் போட்டுத் தரப்படும் சுருக்கத்தை நம்பி எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பாலத்துக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே கட்டம் கட்டிவைத்திருக்கும் நம் ஏற்பாட்டைப் பற்றித்தான் இக்கடிதம்.

கணினியில் அதிகம் புழங்காத வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும்போது கட்டங்களை அவரே வகுத்துக்கொள்வதில்லை. புல எண், பரப்பு, பயிர் என்று கட்டங்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அவற்றுக்குள் எழுதப்படும் விவரமே ஊருக்கு ஊர் வேறுபடும். விக்கிப்பீடியாவில் அந்தப் படிவத்தின் இடத்தில் இருப்பதை வார்ப்புரு என்றும், வார்ப்புரு பக்கத்தின் ஓரத்தில் வரைந்து காட்டும் கட்டத்தைத் தகவற்சட்டம் என்றும் தமிழ் விக்கிப்பீடியர் அழைக்கின்றனர். படிவத்தில் நிரப்ப வேண்டிய விவரங்களை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைப்பதற்கென்றே 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு பொருளும் எண்ணிட்ட ஓர் உருப்படி. உருப்படியின் கீழ் நீளம், திறந்த நாள், அமைவிடம் எனப் பண்புகள். ஒவ்வொரு பண்புக்கும் மதிப்பும் அதற்கான ஆதாரமும். 2013-இல் முதல் வேலையாக, ஒரு கட்டுரைக்குப் பிற மொழிகளில் உள்ள இணைப்புகள் அங்கே மாற்றப்பட்டன. அதற்கு முன்பு ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அந்த இணைப்புகளை எல்லாம் வரிசையாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. அவற்றைச் சரிபார்த்துத் திருத்துவதற்கென்றே தானியங்கிகள் என்ற தாமே இயங்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடின.

படங்களுக்கு இந்த வசதி அதற்கும் முன்பே, 2004-இல் விக்கிமீடியா பொதுவகம் என்ற படக் களஞ்சியம் வந்தபோதே கிடைத்துவிட்டது. பாலத்தின் படம் ஒன்றை அங்கே ஏற்றினால் எல்லா மொழிப் பக்கங்களிலும் அதைப் பயன்படுத்தலாம். ஆக, படம் பொதுவாயிற்று, விவரமும் பொதுவாயிற்று. விவரத்தைத் தாங்கும் படிவம் மட்டும் இன்றும் முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் தனித்தனியே அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் செய்த வார்ப்புருவைத் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து நேரடியாக அழைக்க வழி இல்லை. அதை நகலெடுத்துக் கொண்டுவர வேண்டும். அது சார்ந்திருக்கும் பிற வார்ப்புருக்களையும், அவற்றுக்கு அடியில் லுவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட தொகுதிகளையும் தேடித் தேடிக் கொண்டுவர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்து நிற்கும். எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்து மூச்சுவிடுவதற்குள் மூல வார்ப்புருவை அவர்கள் மாற்றியிருப்பார்கள்; நம்முடையது அன்றே பழையதாகிவிடும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் தமிழில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள்; நல்ல கட்டுரை எழுதக்கூடிய அவர்களுடைய நேரம் நகலெடுப்பதிலேயே கரைகிறது என்பதே என் ஆதங்கம். வார்ப்புருக்களையும் தொகுதிகளையும் பொதுவகத்தைப் போல ஓரிடத்தில் வைத்து எல்லா மொழிகளும் அழைத்துக்கொள்ளும் வகை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை விக்கிமீடியா சமூகத்தில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதற்குத் தமிழ்ப் பயனர்கள் தங்கள் குரலை உரக்கக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குரல் கொடுக்கும்போதே நம் நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்துக்கென்று செய்த படிவத்தைப் பொதுப் படிவம் என்று பெயர் மாற்றித் தந்தால் அது நமக்குப் பொருந்தாது. சிறிய எடுத்துக்காட்டிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்துவிட்டால் அமைவிடம் சொல்லியாகிவிடும், ஊர்ப்பெயர் மாறாது. தமிழில் பாம்பன் பாம்பனில் என்றும், மண்டபம் மண்டபத்தில் என்றும், கீழக்கரை கீழக்கரையில் என்றும், தொண்டி தொண்டியில் என்றும் ஆகும். இது தெரியாமல் எழுதப்பட்ட வார்ப்புரு "மண்டபம் இல் உள்ள தீவு" என்று எழுதிக் காட்டும். படிக்கும் குழந்தை மண்டபத்தில் தீவே இல்லை என்று புரிந்துகொண்டால் அதற்கு யார் பொறுப்பு? வினைமுற்றும் அப்படித்தான். அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார் என்று எழுத வேண்டிய அதே வார்ப்புரு, கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடல்விலங்கைப் பற்றி எழுதும்போது காணப்படுகிறது என்று முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். உயர்திணையும் அஃறிணையும் மரியாதைப் பன்மையும் மொழியின் உள்ளே இருப்பவை. வார்ப்புரு எழுதி முடித்த பிறகு மேலே ஒட்டவைக்க முடியாதவை.

எண்களில் உள்ள சிக்கலைப் பலர் கவனிப்பதே இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. இதை நகலெடுத்த வார்ப்புரு 1,353,445 என்று காற்புள்ளியிட்டுக் காட்டும். எண் ஒன்றுதான் என்றாலும், லட்சத்தில் எண்ணிப் பழகிய நம் கண் ஒரு நொடி திகைக்கத்தான் செய்கிறது. விவரத்தை வெறும் எண்ணாகப் பொது இடத்தில் வைத்து, காற்புள்ளியையும் வேற்றுமை உருபையும் நாள் எழுதும் முறையையும் அந்தந்த மொழி தீர்மானிக்க விட்டால் இந்தத் தொல்லை இருக்காது. சொற்களின் இலக்கண வடிவங்களைச் சேமிக்கும் ஏற்பாடு 2018 முதல் விக்கித்தரவிலேயே இருக்கிறது. பொதுத் தரவிலிருந்து எந்த மொழியிலும் வாக்கியம் ஆக்கும் நோக்கத்தோடு, விக்கித்தரவை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னி விராண்டெச்சிச் முன்னின்று நடத்தும் திட்டத்துக்கு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2020-இல் ஒப்புதல் தந்தது. அங்கே தமிழின் புணர்ச்சி விதிகளை நாம் எழுதிவைக்காவிட்டால் வேறு யாரும் நமக்காக எழுதிவைக்கப் போவதில்லை.

அடுத்தது பெயர். விக்கித்தரவில் ஓர் உருப்படிக்கு ஒரு மொழியில் முதன்மைப் பெயர் ஒன்றுதான்; மாற்றுப்பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். தகவற்சட்டம் எடுத்துக் காட்டுவது முதன்மைப் பெயரை. தமிழ்ப் பெயர் சேர்க்கப்படாமல் இருந்தால் ஆங்கிலப் பெயர் வந்து நிற்கும். அதுவும் இல்லாவிட்டால் உருப்படியின் வெறும் எண்தான் மிஞ்சும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தெரியும் கட்டங்களுக்குப் பல இடங்களில் காரணம் வார்ப்புருவின் கோளாறு அல்ல, தமிழ்ப் பெயரை ஒருவரும் எழுதாமல் விட்டதுதான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. குருசடை, முயல் தீவு, மனோலி, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு என்று எங்கள் மீனவர்கள் வாயில் புழங்கும் அந்தப் பெயர்கள், ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டு மறுபடி தமிழுக்கு வரும்போது அடையாளம் தெரியாமல் சிதைந்துவிடுகின்றன. விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அவற்றின் பெயராவது சரியாக மிஞ்ச வேண்டாமா? ஆவுளியாவை நூல்கள் கடற்பசு என்கின்றன. இரண்டில் எது முதன்மைப் பெயர், எது மாற்றுப்பெயர் என்பதைத் தமிழர்தாம் பேசி முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் ஆவுளியா என்பேன். மதுரை தாண்டியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பொதுத் தரவை ஏற்கத் தயங்குபவர்களின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஓரிடத்தில் நுழையும் தவறு ஒரே நேரத்தில் எல்லா மொழிகளிலும் தெரியும். தமிழ்ப் பக்கத்தைக் கண்காணிக்கும் பயனர், விக்கித்தரவில் நடக்கும் மாற்றங்களும் தம் கவனிப்புப் பட்டியலில் வருமாறு விருப்பத்தேர்வில் மாற்றி வைத்தால் அன்றி அதை அறியவே மாட்டார். ஆங்கில விக்கிப்பீடியர் பலர் இந்தக் காரணத்துக்காகவே தகவற்சட்டங்களில் விக்கித்தரவை விரிவாகப் பயன்படுத்துவதை எதிர்த்தனர். ஸ்பெயினில் வழங்கும் கட்டலான் மொழியினர் அதற்கு மாறாக அதைத் தாராளமாகவே ஏற்றுக்கொண்டனர். ஆள் பலம் உள்ள மொழிக்குத் தயங்கி நிற்க வசதி உண்டு, ஆள் குறைந்த மொழிக்கு அந்த வசதி இல்லை என்றே இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் கரையிலிருந்து பார்க்கும்போது இன்னொரு தயக்கமும் உண்டு. கச்சத்தீவு 1974 உடன்படிக்கையால் இலங்கையின் பக்கம் போயிற்று. அந்தத் தீவின் கட்டத்தில் "நாடு" என்ற இடத்தில் என்ன எழுதுவது, எந்தக் காலத்துக்கு எழுதுவது, எந்த ஆதாரத்தைக் காட்டுவது என்பதில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பயனர்களும் ஒரே உருப்படியின் கீழ் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அது கடினம்தான். ஆனால் விக்கித்தரவு ஒரு பண்புக்கு ஒரே மதிப்புதான் என்று கட்டாயப்படுத்துவதில்லை. தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, ஆதாரம் ஆகியவற்றோடு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை அடுத்தடுத்து வைக்க இடம் தருகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடியில் மாண்டவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவதையும் அவ்வாறே பதியலாம். நிர்வாக எல்லைகளுக்கு இந்த ஆண்டுக் குறிப்பு மிக அவசியம். 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் சொந்த மாவட்டம் அன்று ராமநாதபுரம். 1985-இல் பிரிந்த பிறகு அந்த ஊர் சிவகங்கை மாவட்டம். ஆண்டைப் பாராமல் இன்றைய எல்லையை மட்டும் எடுத்துத் தரும் வார்ப்புரு எங்கள் மாவட்டத்தின் பழைய பெயர்ப் பட்டியலையே கலைத்துவிடும். படிவம் வகுப்பவர்கள் இதை நினைவில் வைத்தாக வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021-இல் நடக்க வேண்டியிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதன் முடிவுகள் வெளிவரும்போது எங்கள் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களிலும் உள்ள 429 ஊராட்சிகளுக்கும் புதிய எண்கள் வரும். தமிழ்நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஊராட்சிகள் மட்டும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதி, அதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மலையாளத்திலும் மறுபடி செய்வதா, பொதுத் தரவில் ஒருமுறை ஆதாரத்துடன் ஏற்றிவிட்டு வார்ப்புரு எடுத்துக்கொள்ளும்படி விடுவதா என்பதை முடிவுகள் வந்த பிறகு யோசித்தால் காலம் கடந்துவிடும். 2011-ஐ மாற்றாமல் விட்டுவைத்த கட்டங்கள் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும்; அவற்றைப் பார்த்து எழுதும் பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கட்டம் போட்டு வெளியிடும் புள்ளிவிவரங்களின் கீழ், எந்தத் துறை எந்த ஆண்டில் வெளியிட்டது என்ற ஒரு வரியைச் சேர்த்தால், அதை ஆதாரமாகக் காட்டி விக்கித்தரவில் ஏற்றுவது எவருக்கும் எளிது. விக்கித்தரவில் உள்ள தரவை யாரும் எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுத்தாளலாம் என்பதால், தங்கள் செய்திப் பிரிவுக்கும் அது பயன்படும். நாளிதழைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் கேட்க இன்னொன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-இன் பெயர்களையும், மண்டபத்திலும் பாம்பனிலும் மூத்த மீனவர்கள் உச்சரிக்கும்படியே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன். தட்டச்சில் என் கை வேகம் போதாது. அவற்றை அச்சான ஆதாரங்களோடு ஒப்பிட்டு விக்கித்தரவில் தமிழ்ப் பெயர்களாகவும் மாற்றுப்பெயர்களாகவும் சேர்க்க முன்வருபவர்களுக்கு நோட்டுப் புத்தகத்தைத் தரச் சித்தமாக இருக்கிறேன். மாலை 4 மணிக்கு மேல் மண்டபம் கிளை நூலகத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.