அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பலரும் விண்டோஸ் 11க்கு மாறியதிலிருந்து நம் மன்னார்குடிக் கடைக்கு வருகிற வேலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. நீடாமங்கலம், வடுவூர், கோட்டூர், முத்துப்பேட்டை, எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "அப்டேட் ஆச்சு, அதிலேருந்து தானா ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. ஃபார்மட் போட்டுக் கொடுத்துடுங்க."

நாங்கள் உடனே ஃபார்மட் போடுவதில்லை. மெஷினை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குச் சொல்கிறோம் என்கிறோம். வேறு இடத்தில் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்களே என்று சிலருக்கு வருத்தம். அதற்கான பதில்தான் இந்த மடல்.

ஃபார்மட் போட்டால் சி டிரைவ் மொத்தமும் காலி. டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல்களும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அங்கேதான் இருக்கின்றன. டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் போட்டு வைத்த கணக்கும், நீங்களாக இடம் மாற்றி வைக்காதவரை, அதே சி டிரைவில்தான் இருக்கும். உரக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் அதுதான் உயிர். இ-சேவை மையத்துக்காரர்கள் கைரேகைக் கருவியின் டிரைவரையும் (கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து இயக்கும் மென்பொருள்) டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும். பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பழைய தமிழ் ஃபாண்ட்டுகள் போனால் பழைய வேலை எதையும் திறந்து படிக்க முடியாது. இவ்வளவையும் இழந்த பிறகும், கோளாறு ராமிலோ (தற்காலிக நினைவகம்) ஹார்ட் டிஸ்க்கிலோ இருந்தால் அது அப்படியே இருக்கும். சில நாளில் மெஷின் திரும்பக் கடைக்கு வரும்.

எனவே கோளாறு எங்கே என்பதை முதலில் பார்க்கிறோம். இதில் பாதியை நீங்களே வீட்டில் பார்த்துவிடலாம். மெஷின் கொஞ்ச நேரமாவது ஓடினால், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், மெஷின் நின்ற நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி. அப்டேட் வந்த தேதிக்கு முன்பே அந்தக் குறிகள் இருந்தால், அப்டேட்டைத் திட்டிப் பயனில்லை. மேட்டூர் தண்ணீர் வந்து சேரும்போதுதான் எந்த வாய்க்கால் கரை பலவீனம் என்று தெரியும், இல்லையா? அப்டேட்டும் அப்படித்தான். டிஸ்க்கில் பெரிய அளவில் எழுதிப் படிக்கிற வேலை அது. ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க் அன்றைக்குத்தான் கையை விரிக்கும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஆலைகளிலிருந்து வரும் கேபினெட்டைத் திறந்தால் உமித்தூசி ஃபேனை மூடியிருக்கும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து மெஷின்களில் உப்புக்காற்று பட்டு ராமின் தொடுமுனைகள் மங்கிப்போயிருக்கும். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியதும் சரியாகிப்போன 'அப்டேட் கோளாறுகள்' நிறைய.

குறி எல்லாம் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். பழைய பிரின்டர், பழைய டாங்கிள், காலாவதியான ஆன்டிவைரஸ் போன்றவை. மெஷினை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வைத்து, ஏற்றிப் பார்ப்போம். அங்கே மணிக்கணக்காக ஓடி, சாதாரணமாக ஏற்றினால் மட்டும் நின்றால் டிரைவர் அல்லது வேறு மென்பொருள்தான் காரணம். சேஃப் மோடிலும் நின்றால் ராம், டிஸ்க், சூடு என்று போக வேண்டும். ராம் சோதனையை இரவு முழுக்க ஓடவிடுவோம், ஒவ்வொரு ராமாகக் கழற்றியும் பார்ப்போம். ஒரு நாள் கேட்பது இதற்குத்தான்.

விண்டோஸ் தன் பதிவில் குறித்து வைக்கும் கெர்னல் பவர் 41 என்ற பிழையை யூடியூபில் பார்த்துவிட்டு, மெஷினுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. மெஷின் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்தப் பதிவு பெரும்பாலும் வேறெதையும் சொல்லாது. கரண்ட் போனாலும் அதேதான் வரும்.

சரி, மெஷின் ஏறவே மாட்டேன் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். லோகோ வரும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போனால் கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் எடுத்துவிடலாம். உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10லிருந்து 11க்கு ஏறியவர்களுக்கு செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்ற இடத்தில் கோ பேக் என்ற வழி உண்டு. ஆனால் 10 நாள்தான் அதற்குக் கெடு. அதற்குள் இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்பும் வழியும் போய்விடும்.

திரை கறுப்பாக வந்து வெள்ளை எழுத்து தெரிந்தால் டிஸ்ப்ளே போய்விட்டது என்று பதறாதீர்கள். பல வருடமாக நீலமாக இருந்த அந்தப் பிழைத் திரையை விண்டோஸ் 11இல் 2025இல் கறுப்பாக்கிவிட்டார்கள். அதில் ஆங்கில கேபிடல் எழுத்துகளில் ஒரு பிழைப் பெயர் இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

லேப்டாப்காரர்கள் கவனிக்க வேண்டியது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர். சில மெஷின்கள் அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நிற்கும். அந்த எண் இல்லாமல் உள்ளே இருப்பதை நாங்களும் எடுக்க முடியாது, எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லேப்டாப்பை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி! சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கி அமைத்துக் கொடுத்ததென்றால், அவருக்கு போன் போட்டு எண்ணை வாங்கிக்கொண்டு அப்புறம் கடைக்கு வாருங்கள்.

மாத அப்டேட் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய் காலை வெளிவரும். நமக்கு அன்று இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். அதனால் புதன்கிழமை கடை திறந்ததும் மெஷின் ரீஸ்டார்ட் கேட்கும். தை மாதக் கல்யாண சீசனில் ஸ்டூடியோக்காரர்களும், நெல் கொள்முதல் நேரத்தில் ஆலைக்காரர்களும் செட்டிங்ஸில் பாஸ் அப்டேட்ஸ் கொடுத்து ஒரு வாரம் தள்ளிப்போடலாம். தேவையென்றால் ஐந்து வாரம் வரை தள்ளலாம், நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று, பேட்டரி இற்றுப்போன யுபிஎஸ்ஸை நம்பி அப்டேட் போடவே வேண்டாம். பாதியில் கரண்ட் போய் வந்த மெஷின்களைச் சரிசெய்வதுதான் எங்களுக்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது.

கொண்டுவரும்போது சிபியூவோடு அந்தப் பழைய பிரின்டரின் கேபிளையும் டாங்கிளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். மானிட்டர் வேண்டாம், எங்களிடம் இருக்கிறது. எல்லாம் பார்த்தும் வழியில்லை என்றால் ஃபார்மட்தான். அதற்கு முன் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்து, உங்களுக்கு போன் செய்து கேட்ட பிறகே செய்வோம்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்,
மன்னார்குடி