வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் வட்டம் மாதந்தோறும் கூடியது. ஐப்பசி அடைமழையில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளிப்போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புரவலர் சேர்ப்பும் கோடை முகாமும் குறிப்பேட்டில் உள்ளபடி நடந்தன. ஆண்டு முழுவதும் நம்மைப் பிடித்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: பள்ளிகளுக்கும் நூலகத்துக்கும் வீடுகளுக்கும் புதிய சிறுவர் நூல்களைப் பரிந்துரைப்பது. ஆகவே என் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முந்தைய ஆண்டுகளில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, பதிப்பக விலைப்பட்டியலையும் விருதுச் செய்திகளையும் பார்த்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தோம். அந்த நூல்களைப் பிள்ளைகள் விரும்பினார்களா என்று நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சென்ற ஜூன் கூட்டத்தில் அதை மாற்றினோம். பிள்ளைகள் முன் வாய்விட்டு வாசிக்காத எந்த நூலையும் பரிந்துரைப்பதில்லை என்று முடிவெடுத்து, சனிக்கிழமை மாலைகளில் நூலகத் திண்ணையில் வாசிக்கத் தொடங்கினோம். ஒருவர் வாசிப்பார். இன்னொருவர் நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளை மட்டும் பார்ப்பார். எந்தப் பக்கத்தில் நெளிந்தார்கள், எந்த இடத்தில் முட்டி போட்டு எழும்பிப் படத்தை எட்டிப் பார்த்தார்கள், எங்கே "அப்புறம்?" என்று கேட்டார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார்.

அந்த நோட்டு எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. பெரியவர்கள் ஒருமனதாகப் பாராட்டிய ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் நீதி அச்சாகியிருந்தது. அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். கதை அவர்களுக்கு முன் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு, நீதியைத் தனியே அச்சடித்த நூல்களைக் கீழ்வகுப்புகளுக்கு நாம் பரிந்துரைக்கவில்லை.

வயலைப் பற்றிய ஒரு படக்கதையை ஆடி மாதத்தில் வாசித்தோம். வண்ணம் அருமை, தாள் அருமை. நடவுக் காட்சி வந்ததும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து படத்தின்மேல் விரலை வைத்தாள். "இவர்கள் முன்னால் நடந்துபோய் நடுகிறார்களே, நட்ட நாற்றை மிதித்துவிட மாட்டார்களா? எங்கள் அம்மா பின்னால் பின்னால் நகர்ந்துதான் நடுவார்" என்று சொல்லி, குனிந்து, திண்ணையில் பின்னோக்கி நடந்தும் காட்டினாள். வயலுக்கு நடுவிலேயே குடியிருக்கும் நாங்கள் நான்கு பேர் அதே படத்தை முன்பே பார்த்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

இதை வைத்து நம் ஊர்க் கதை மட்டுமே வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். பனி பெய்யும் நாட்டுக் கதைகளையும் திமிங்கலக் கதைகளையும் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள். அவர்களைத் தடுத்தது மொழிபெயர்ப்பின் தமிழ்தான். முடிவதற்குள் மூச்சு வாங்கும் நீண்ட வாக்கியத்தை வாசிக்கிறவரே தடுமாறித்தான் படித்தார். வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் என்பதே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை. பதம் பார்க்க ஒரு பக்கம் போதும்.

விருது பெற்ற நூல்களையும் இதே திண்ணையில்தான் வைத்துப் பார்த்தோம். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. 2023இல் அதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை மையமாகக் கொண்டது. அதை வாசித்த மறுவாரம் இரண்டு பையன்கள் ஆற்றங்கரைத் திடலில் பொறுக்கிய பானையோடுகளைக் கால்சட்டைப் பை நிறையக் கொண்டுவந்தார்கள். 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகளின் பாதுகாப்பைப் பேசும் நாவல். அதை எடுத்த எடுப்பில் திண்ணையில் வாசிக்கத் தயங்கி, முதலில் தாய்மார்கள் சிலரிடம் கொடுத்தோம். படித்து முடித்த அவர்களே வந்து, இதை வீட்டில் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று சொன்னார்கள். பட்டியலில் இந்த நூலுக்கு எதிரே அந்தக் குறிப்பையே எழுதியிருக்கிறோம்.

நூல்களைப் பிரித்து வைக்கப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் தந்த 'நுழை, நட, ஓடு, பற' என்ற நான்கு வாசிப்புப் படிகளையே எடுத்துக்கொண்டோம். வகுப்பை வைத்துப் பிரித்தால், எழுத்துக் கூட்டும் ஏழாம் வகுப்புப் பையன் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறான். 'நட' என்ற பெட்டியிலிருந்து எடுக்க அவன் கூச்சப்படுவதில்லை.

ஒரு தவற்றையும் பதிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் புத்தகப் பெட்டியை என் வீட்டுச் சன்னலோரம் வைத்திருந்தேன். ஓர் இரவுச் சாரலில் பாதி நூல்கள் நனைந்தன. சாதாரணத் தாளில் அச்சானவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி மின்விசிறியின் கீழ் உலர்த்தினோம். உப்பிப்போனாலும் படிக்க முடிகிறது. பளபளப்புத் தாளில் வந்தவை காயக் காய ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டன. அவற்றுக்கான விலையைச் செலுத்திவிட்டேன். நம் பகுதியின் ஈரக்காற்றில் பின் அடித்த நூல்களின் கம்பியும் ஒரே பருவத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தைக் கறையாக்குகிறது. பல கைகள் மாறும் பள்ளி நூல்களைத் தைத்த கட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பள்ளிகளைப் பற்றிச் சொல்வது எனக்கு வருத்தமான பகுதி. ஒரு பள்ளியில் நாம் பரிந்துரைத்து வாங்கிய நூல்கள், உறை பிரியாமல் பீரோவுக்குள் இருந்தன. அங்குள்ள ஆசிரியர் அக்கறையற்றவர் அல்ல. நூல் தொலைந்தாலோ கிழிந்தாலோ இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் அவருடைய பயம். அதனால் வட்டத்தின் சொந்த நூல்களை, கிழிந்தால் கணக்குக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, அந்தப் பள்ளிக்கு அனுப்பினோம். இப்போது அவை வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டித் தொங்குகின்றன. தை மாதத்துக்குப் பிறகு பீரோவும் திறந்துவிட்டது.

வீடுகளில் கண்டது மகிழ்ச்சி. சொற்கள் குறைவான ஒரு படப்புத்தகத்தை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எடுத்துப்போய் மூன்று முறை புதுப்பித்துக்கொண்டாள். விசாரித்தால், எழுதப் படிக்கத் தெரியாத அவளுடைய அப்பாயி, படங்களைப் பார்த்து இரவுக்கு ஒரு கதையாகச் சொல்லி வந்திருக்கிறார். ஒரே யானை ஒருநாள் கோயில் யானை, ஒருநாள் வெள்ளத்தில் வந்த யானை. "எங்கள் வீட்டில் படித்துக் காட்ட யாருமில்லை" என்று சொல்லும் குடும்பங்களுக்கு இத்தகைய நூல்களையே முதலில் கொடுக்கிறோம். உறுப்பினர் ஒருவர் பேத்தியின் காதணி விழாவில் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சிறுவர் நூலையும் வைத்துக் கொடுத்தார். மற்றவர்களும் இதைச் செய்யலாம்.

நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் 1892இல் நம் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்றார். அதே 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். பஸ் நின்று போகாத திடல் குடியிருப்புகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் சனிக்கிழமைத் திண்ணைக்கு வர முடிவதில்லை.

எனவே வரும் ஜூன் முதல், மொபெட்டின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு மாதம் இரண்டு ஞாயிறுகளில் அங்கே போய் வாசிப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. மூடி இறுகப் பொருந்தும் பெட்டி ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டோம். கணீரென்று வாசிக்கக்கூடிய இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் நூலகர் மேசையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்