பெட்டி வந்து சேர்ந்தது

ட்ராஹெடா, அயர்லாந்து,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள இளங்கோவுக்கு,

நீ அனுப்பிய பெட்டி புதன்கிழமை வந்து சேர்ந்தது. அன்றே அம்மா உனக்குச் செய்தி அனுப்பியதாகவும், நீ கட்டை விரல் படம் ஒன்றை மட்டும் பதிலாகப் போட்டதாகவும் சொன்னாள். மாதிரி ரயில் எஞ்சின்களை வெளியே எடுத்துத் துடைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு விவரமாக எழுதலாம் என்று நான் காத்திருந்தேன்.

141 வகை டீசல் எஞ்சின்கள் மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன. கறுப்பும் பழுப்புமான அயர்லாந்து அரசுப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.ஈ.யின் பழைய வண்ணத்தில் உள்ளதற்கு மட்டும் பஃபர் ஒன்று ஒடிந்து பெட்டியின் மூலையில் கிடந்தது. ஒட்டிவிட்டேன், உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது. வெள்ளை டிப்பெக்ஸ் கோடு போட்ட 071 டீசல் எஞ்சின்தான் தண்டவாளத்தில் வைத்ததும் முனகியதே தவிர நகரவில்லை. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், கியரில் இருந்த கிரீஸ் மஞ்சளாகிப் பிசின்போல இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியின் மேல் சக்கரங்களை ஓட விட்டேன். துணி கரியாகிவிட்டது. அதன் பிறகு நிற்காமல் ஓடுகிறது. மாதம் ஒரு முறையாவது, முன்னும் பின்னுமாக, அரை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த கிரீஸைப் பார்த்தால் அது வெகு காலமாக ஓடவில்லை என்று தெரிகிறது. வேலை அதிகம் என்பாய். மாதத்தில் அரை மணி நேரம்கூடக் கிடைக்காத வேலை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எஞ்சின்களைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. இங்கே பரண் அறையில் அவற்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்டவாளத் துண்டை ஏன் அனுப்பினாய்?

பள்ளியின் கடைசி ஆண்டில் நீ கையால் செய்த, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 21 மில்லிமீட்டர் அகலம் உள்ள அந்தத் துண்டைத்தான் சொல்கிறேன். நான் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமே போதும் என்றேன். 4 மில்லிமீட்டரை ஓர் அடியாகக் கொண்டால் 16.5 என்பது 4 அடி ஒன்றரை அங்குலம்தான், அயர்லாந்தின் 5 அடி 3 அங்குலத்துக்கு இது ஓர் அடிக்கும் மேல் குறுகல், எஞ்சின் ஒற்றைக் காலில் நிற்பதாகத் தெரிகிறது என்று நீ சண்டை பிடித்தாய். பிறகு செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பர்களை வரவழைத்து, ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைப் பற்றவைத்து, மின்சாரம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குப் பாயாதபடி நடுவில் செம்பை ரம்பத்தால் கீறினாய். ஒரே ஒரு ஸ்லீப்பரில் கீறல் கோணலாகப் போயிருக்கிறது. அம்மா சாப்பிடக் கூப்பிட்ட நேரம் அது என்று நினைக்கிறேன். அளவுகோலை வைத்து நேற்று மறுபடி அளந்தேன். இன்னமும் 21 சரியாக இருக்கிறது. என் மாதிரி ரயில் லேஅவுட்டில் எந்த இடமும் அவ்வளவு சுத்தமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பணத்துக்கு முடை என்றால் ஒருவன் எஞ்சினை விற்பான். இடத்துக்கு முடை என்றால் பெரிய பெட்டிகளை அனுப்புவான். ஒரு சாண் நீளமுள்ள தண்டவாளத் துண்டு எந்த மேசை இழுப்பறையிலும் அடங்கும். அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாய் என்றால் இழுப்பறையையே காலி செய்திருக்கிறாய் என்று அர்த்தம். சுங்கப் படிவத்தில் அனுப்புநர் முகவரி மெல்பர்ன் ஃபுட்ஸ்கிரே வீடாக இல்லை. வேறு பகுதியின் பெயரும் ஒரு ஃப்ளாட் எண்ணும் இருந்தன. அம்மா அந்தப் படிவத்தைப் பார்க்கவில்லை. நான் எடுத்து வைத்திருக்கிறேன். நான் எதுவும் கேட்கவில்லை. இனி ஏதாவது அனுப்புவதென்றால் எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒற்றைக் கேபின் உள்ள 121 வகை எஞ்சின்கள் இரண்டில் 124 எண் உள்ளது வந்திருக்கிறது, 134 இல்லை. 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டித் தந்த அந்தப் பதினைந்திலும் கேபின் ஒரு பக்கம்தான் என்பதால், எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள்கள் குறைந்த பிறகு முதுகோடு முதுகாக இரண்டைப் பூட்டித்தான் பெரும்பாலும் ஓட்டினார்கள் என்பதும், 2008-இல் கடைசியாக ஓய்வு பெற்றவை இந்த இரண்டும்தான் என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் இருவருக்கும் திருமணப் பரிசாக இந்த இரண்டையும் தேடிப் பிடித்தேன். 134 அங்கே யாரிடமாவது இருந்தால் இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டாம். மீராவுக்கு அந்தச் சாம்பல், மஞ்சள் வண்ணம் பிடிக்கும் என்று ஒரு முறை சொன்னாள். அவள் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

இங்கே செய்தி அதிகம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அக்கா அடுத்த மாதம் வருகிறாள். பாய்ன் ஆற்றுப் பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்துப் போகும் வண்டிகளை இன்னமும் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். நேவன் சுரங்கத்துத் துத்தநாக வண்டி ஊருக்குள் வரும் சத்தத்தைக் கேட்டே 071 என்று சொல்லிவிடுகிறேன். நீ எட்டு வயதிலேயே சொன்னவன்.

சனிக்கிழமைகளில் வைட்ஹெட் நீராவி ரயில் சங்கத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. 1964-இல் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்தே இருக்கும் கிழவர்களோடு ஒப்பிட்டால் நான் சின்னப் பையன். பித்தளை துடைப்பதும் பெட்டி ஜன்னல்களைக் கழுவுவதும் என் வேலை. பாய்லர் பக்கம் என்னை விடமாட்டார்கள், அது சரியே. குளிர்ந்த பாய்லரில் முதல் நாளே சிறிதாகத் தீ மூட்டி, இரவெல்லாம் மெல்லமெல்லச் சூடேற்றுகிறார்கள். அவசரப்பட்டால் தகடுகள் ஒரே சீராக விரியாமல் மூட்டுகள் கசிந்துவிடும் என்று அங்குள்ள பெரியவர் ஒருவர் விளக்கினார். 105-ஐப் பற்றி நீ கேட்கவே இல்லை. வடக்கில் என்.சி.சி. ரயில் கம்பெனி 1933 முதல் 1942 வரை கட்டிய பதினைந்து மோகல் வகை நீராவி எஞ்சின்களில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் உடைத்துவிட்டார்கள். அவற்றின் எண்கள் 90 முதல் 104 வரை. அதனால் இப்போது புதிதாகக் கட்டுவதற்கு 105 என்று எண் வைத்திருக்கிறார்கள். வரிசை அறுந்துபோய் இத்தனை காலமான பிறகு அடுத்த எண்ணைப் போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அவர்களிடம் அது இருக்கிறது.

உன்னைப் பற்றி அங்கே நான் பேசாத சனிக்கிழமை கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் என் மகன் சிக்னல் பொறியாளர் என்று சொன்னதும் கிழவர்கள் அர்மா ரயில் விபத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்ப்பேன். 1889 ஜூன் 12-ஆம் தேதி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, பின்பாதியின் சக்கரங்களுக்குக் கீழே கல்லை வைத்தார்கள். முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்னால் நகர்ந்து இடித்ததில் கல் நொறுங்கி, பின்பாதி சரிவில் உருண்டுபோய், பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியின் மேல் மோதியது. எண்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் சட்டம் வந்தது: பிளாக் எனப்படும் பாதைப் பகுதி ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும், தண்டவாளம் மாற்றும் பாயின்ட்டும் சிக்னலும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும், பயணிகள் வண்டியில் பெட்டி பிரிந்தால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்ட இரவு நீ தூங்காமல், "முன்னாடியே ஏன்ப்பா பூட்டு வைக்கல?" என்று கேட்டாய். இன்றைக்கு நீ அந்தப் பூட்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படிப்பட்டவன் ஒரு 071-ஐ கிரீஸ் இறுகும்வரை போட்டு வைத்திருக்கக் கூடாது.

சொன்னதையே சொல்கிறேன் என்று நினைக்காதே. வேலை முடிந்தால் நேரே வீடு, வீடு முடிந்தால் நேரே வேலை என்று இருக்கக் கூடாது. நீ தினமும் ஏறும் ரயில் ஓடுவதும் நம் 1,600 மில்லிமீட்டரில்தான், அதாவது அதே 5 அடி 3 அங்குலத்தில். ஆளுக்கொரு அகலம் போட்டுச் சண்டையிட்ட அயர்லாந்துக் கம்பெனிகளுக்கு நடுவே அரசின் ரயில் ஆய்வாளர் பாஸ்லி 1843-இல் தீர்ப்புச் சொன்னதையும், அது 1846-இல் சட்டமானதையும், அந்த அகலத்தை அயர்லாந்துக்காரரான பொறியாளர் ஷீல்ட்ஸ் சிட்னியில் ஏற்க வைத்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். அவர் விலகியதும் சிட்னிக்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள். விக்டோரியாவோ முதலில் பேசியதை நம்பி வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டபடியால், அதே அகலத்தோடு நின்றுவிட்டது. அதில் விக்டோரியாவின் குற்றம் ஏதும் இல்லை என்பது என் கருத்து.

நியூபோர்ட் பணிமனையில் ஸ்டீம்ரெயில் சங்கத்தார் பழைய நீராவி எஞ்சின்களைப் பராமரிக்கிறார்கள் என்பது உனக்கே தெரியும். அதுவும் அகலப் பாதை. சனிக்கிழமை காலையில் போய் நின்றால் கையில் ஒரு துணியைக் கொடுப்பார்கள். உன் குடும்பம், உன் சம்பளம், உன் முகவரி என்று எதையும் கேட்கமாட்டார்கள். தேநீர் வேளையில் பேசுவதெல்லாம் வால்வைப் பற்றியும் கரியைப் பற்றியும்தான் இருக்கும். இங்கே வந்த புதிதில், அம்மா இரவுப் பணிக்குப் போன பிறகு பேச ஆளில்லாமல் இருந்த எனக்கு வைட்ஹெட் எப்படி உதவியது என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. மாதம் ஒரு முறையாவது போ. அரை மணி நேரம் இருந்தாலும் போதும்.

லார்டிக் ஒற்றைத் தண்டவாள ரயிலின் மாதிரியை மட்டும் நீ பாதியில் விட்டுப் போனாய். அதைப் பற்றி எனக்குக் குறை உண்டு. லிஸ்டோவலில், உயரத்தில் உள்ள ஒரே தண்டவாளத்தின் இரு பக்கமும் தொங்கி ஓடும் அந்த வண்டியில் நாம் ஏறியபோது, அம்மா ஒரு பக்கமும் நாம் மூவரும் மறுபக்கமும் உட்கார, அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே அக்காவை அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தார். 1888 முதல் 1924 வரை பாலிபனியனுக்கு ஓடிய நாளில், ஒரு பசுவை ஏற்றினால் மறுபக்கம் எடைக்கு இரண்டு கன்றுகளை ஏற்றுவார்களாம். திரும்பி வரும்போது கன்றுகள் பக்கத்துக்கு ஒன்றாக வருமாம். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ட்ராஹெடா வரும்வரை காரில் சிரித்துக்கொண்டே வந்தாய். நீ பித்தளைக் கம்பியை வளைத்துச் செய்த 13 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத் தாங்கிகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. எஞ்சினுக்கு இரண்டு பாய்லர்களில் ஒன்றுதான் ஆகியிருக்கிறது. இன்னொரு பாய்லரை நான் செய்ய முயன்றேன். என் கை இப்போது சற்று நடுங்குவதால் பற்றவைப்பு சரியாக விழவில்லை. ஒரு பக்கம் மட்டும் பாய்லர் இருந்தால் அது தண்டவாளத்தில் நிற்காது. அதனால் அதை எடுத்து வைத்துவிட்டேன். உன் கைக்குக் காத்திருக்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடந்த குளிர்காலத்தில் லேஅவுட்டை உன் அறைக்குள் நீட்டிவிட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். உன் கட்டிலுக்கு மேலாக ஒரு வளைவு போகிறது. ஆனால் அந்தப் பலகையை நான்கு போல்ட்டுகளில்தான் நிறுத்தியிருக்கிறேன், ஒயர்களுக்கும் பிளக் வைத்திருக்கிறேன். எப்போது வருகிறாய் என்று சொன்னால் அதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுவேன். சொல்லாமல் வந்தாலும் பாதகமில்லை. ஒரு பக்கத்தைப் பிடிக்க நீ இருந்தால் வேலை இன்னும் சுலபம். டிக்கெட்டை நான் எடுக்கிறேன். அம்மாவிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. நீ சொன்ன பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 071-க்கு நான் போட்டது பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெய். அதில் ஒரு சிறு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். முகவரியை எழுதினால் உடனே அனுப்புகிறேன்.