பத்தாம் கட்டையை மறந்துவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில் பாதையில் 2024 ஆகஸ்ட் முதல் புதிய ரயில்கள் ஓடுகின்றன. 1999 நவம்பர் 6ஆம் தேதி, சிங்கப்பூரின் முதல் இலகு ரயிலாக இந்தச் சேவை தொடங்கிய காலத்துப் பெட்டிகள் விடைபெறுகின்றன. புதிய ரயில்களை மனமார வரவேற்கிறேன். இந்த நேரத்தில் ஒரு வேண்டுகோளையும் வைக்க விரும்புகிறேன்.

சாலைக்கு மேலே தூண்களில் செல்லும் எங்கள் பாதை, சில இடங்களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு மிக அருகில் போகும். பழைய ரயிலில் அந்த இடம் வந்ததும் சன்னல் கண்ணாடி பனி படர்ந்தது போல் தானாக வெளுத்துவிடும். யார் வீட்டுக்குள்ளும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. புளோக்கைத் தாண்டியதும் தெளிந்துவிடும். என் பேரன் சிறுவனாக இருந்தபோது அந்த நொடிக்காகக் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி காத்திருப்பான்.

அவன்தான் ஒருநாள் பெண்டிங் நிலையத்தில், “தாத்தா, இங்கே என்ன வேலை இன்னும் பெண்டிங்?” என்று கேட்டான். அந்தப் பெயரை அவன் நிலுவை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்று நினைத்திருந்தான். மலாயில் அது இடுப்புப் பட்டையில் அணியும் அலங்காரக் கொக்கியின் பெயர் என்று சொன்னேன். அன்று ஒவ்வொரு நிலையமாகப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தேன். பெட்டிர் என்றால் இடி. பங்கிட் என்றால் எழு. செகார் என்றால் புத்துணர்ச்சி. ஃபஜார் என்றால் வைகறை. நம் தமிழ் முஸ்லிம்கள் பஜ்ர் தொழுகை என்கிறார்களே, அதே சொல்தான். செஞ்சா என்றால் அந்தி. ஃபஜாரில் ஏறி செகார், ஜெலப்பாங் தாண்டினால் செஞ்சா. விடியலிலிருந்து அந்திக்கு மூன்றே நிறுத்தங்கள்! இத்தனை அழகான பெயர்களைப் பொருள் தெரியாமலே நம் பிள்ளைகள் தினமும் கடந்து போகிறார்கள்.

என்னை அதிகம் வருத்துவது இன்னொரு பெயர். 2019 ஜனவரியில் டென் மைல் ஜங்ஷன் நிலையம் மூடப்பட்டது. 14 நிலையங்கள் 13 ஆயின. கடைத்தொகுதிக்குள்ளேயே இருந்த அந்த நிலையத்துக்குப் பயணிகள் குறைவு என்பது உண்மை. மூடியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பெயரில் எங்கள் வட்டாரத்தின் வரலாறே இருந்தது. அக்காலத்தில் நகர மையத்திலிருந்த பெரிய தபால் நிலையத்திலிருந்துதான் மைல் கணக்கு. அங்கிருந்து பத்தாவது மைல் எங்கள் ஊர். மைலைக் கட்டை என்று சொல்லும் நம்மவர்கள் அதைப் பத்தாம் கட்டை என்பார்கள். எழுபதுகளில் கிலோமீட்டர் வந்த பிறகும் என் அப்பாவுக்கு அது பத்தாம் கட்டைதான். “பத்தாம் கட்டைக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று சைக்கிளை எடுப்பார். மலாயா ரயில் வரும்போது சுவா சூ காங் சாலையில் கேட் விழும். லாரி, பஸ், கோழிக் கூடை கட்டிய சைக்கிள் எல்லாம் வரிசையாக நிற்கும். அந்தத் தண்டவாளமும் 2011 ஜூன் மாதத்தோடு ஓய்ந்து, இன்று நடைபாதையாகிவிட்டது.

அதனால் நான் கேட்பது இதுதான். பாதையைப் புதுப்பிக்கும் இந்தச் சமயத்திலேயே, 13 நிலையங்களிலும் பெயரின் பொருளையும் அந்த இடத்தின் பழைய கதையையும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சொல்லும் ஒரு பலகை வைக்க வேண்டும். ஏறும் இடத்தில், காத்திருப்பவர் கண்ணில் படும் உயரத்தில் இருந்தால் போதும். புக்கிட் பாஞ்சாங் நிலையத்துக்கு 2015 இறுதியில் டௌன்டவுன் பாதை பெருவிரைவு ரயிலும் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களும் அங்கே ரயில் மாறுகிறார்கள். பத்தாம் கட்டையின் கதைக்கு அதுவே பொருத்தமான இடம். பழைய பெட்டி ஒன்றையாவது, அந்த வெளுக்கும் கண்ணாடியோடு, எங்கள் பேட்டையிலேயே பிள்ளைகள் ஏறிப் பார்க்கும்படி நிறுத்திவைத்தால் இன்னும் மகிழ்வேன்.

கதை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று கம்பத்து (கிராமத்து) நாள்களை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் பலர் இங்கே இருக்கிறோம். காலை எட்டு மணிக்கு எங்கள் புளோக் கீழ்த்தளத்துக்கு யாராவது குறிப்பேட்டோடு வந்தால் போதும், காப்பி நாங்களே வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
பத்தாம் கட்டை வாசகர்,
புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்