சம்பளமில்லாத பதினோரு பேர்

டோல்வொர்த், லண்டன்,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மூட்டு ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. "இத்தனை வருஷம் ஓடின கால், இன்னும் அஞ்சு வருஷம் ஓடாதா" என்று எழுதியிருக்கிறாய். அது என்ன நம் பழைய சேத்தக் வண்டியா, சாய்த்து சாய்த்து உதைத்து ஓட்ட? டாக்டர் சொன்ன தேதிக்குப் போய்ப் படு. நான் மார்ச்சில் திரும்பும்போது நீ கம்பு ஊன்றாமல் ஜங்ஷனுக்கு வந்து நிற்க வேண்டும்.

இங்கே மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் சுகம். குளிர்தான் சகிக்கவில்லை. மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கிவிடுகிறது. அவர்கள் வேலைக்குப் போனபின் நானும் ஜன்னலும்தான். அப்படி உட்கார்ந்திருந்த எனக்கு, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கால்பந்து மைதானம் இருப்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு ஆட்டம். வயசானவர்களுக்கு டிக்கெட்டில் சலுகை. இன்றோடு ஐந்தாவது ஆட்டம் பார்த்துவிட்டேன்.

கிளப்பின் பெயர் கொரிந்தியன்-கேஷுவல்ஸ். நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். டிவியில் நீ பார்க்கிற பிரீமியர் லீகும் அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களும் சேர்த்து 92 கிளப்புகள். அதற்கும் கீழே இருப்பதையெல்லாம் இங்கே 'நான்-லீக்' என்பார்கள். அந்த ஏணியில் வெகு கீழே ஏதோ ஒரு படியில் நிற்கிற கிளப் இது. கூட்டம் இருநூறு, முந்நூறு பேர். கம்பி வேலிக்குப் பின்னால் நின்றால் பேக் ஆடுகிறவன் மூச்சு வாங்குவது கேட்கும். ஜெர்சி பாதி சாக்லேட் நிறம், பாதி ரோஸ். முதல் நாள் பார்த்தபோது யாரோ துவைக்கும்போது சாயம் ஏற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

ஆனால் இந்தச் சின்ன மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற கதை பெரிது. முழுசாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, காசுக்கு ஆடுவதா சும்மா ஆடுவதா என்ற நம் பழைய சண்டையை நீ மறுபடி ஆரம்பிக்கலாம்.

இந்தக் கிளப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. காசு வாங்காமல் ஆடுவது என்று 1882-ல் எடுத்த முடிவை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "காசு வாங்காம ஆடுறவன் வீட்டுல காசு இருக்கும்டா." புட்பால் கோட்டாவில்தானே ரயில்வே உன்னை எடுத்தது? பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி நாம் இருவரும் உள்ளே போன நாளிலிருந்து உன் குடும்பம் உன் இடது காலை நம்பிச் சாப்பிட்டது. அதனால் நீ சொன்னால் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆரம்பக் கதையைப் பொறுத்தவரை நீ சொல்வது சரியும்கூட.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்திடம் இங்கிலாந்து அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் ஒரே கிளப்பில் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். இங்கிலாந்துக்கு ஆளாளுக்கு ஒரு ஊர். அதைச் சரிசெய்யத்தான் கால்பந்து சங்கத்தில் பொறுப்பில் இருந்த 'பா' ஜாக்சன் என்பவர் கொரிந்தியன் கிளப்பைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடங்களிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜிலும் படித்த கனவான்கள். அதே நேரத்தில் வடக்கே பஞ்சாலைத் தொழிலாளி சனிக்கிழமை ஆடப் போனால் அரை நாள் கூலி போகும். அதை யார் கொடுப்பது என்று அங்கே சண்டை நடந்தது. 1885-ல் காசு கொடுத்து ஆடவைப்பதைச் சங்கம் ஒப்புக்கொண்டது. கொரிந்தியன்காரர்கள் மட்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டு தனியாக நின்றார்கள். லீகில் சேர மாட்டார்கள், கோப்பைக்காக ஆட மாட்டார்கள். ஆட்டத்துக்காக ஆட்டம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, ஆட்டம் தெரிந்தவர்கள். 1884-ல் சங்கம் நடத்துகிற எஃப்.ஏ. கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை 8-1 என்று அடித்தார்கள். 1894, 1895 இரண்டு வருஷமும் வேல்ஸை எதிர்த்து இறங்கிய இங்கிலாந்து அணியில் பதினோரு பேருமே கொரிந்தியன்கள். 1904-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை 11-3. உன் பேரன் அந்தச் சிவப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தெருவில் சுற்றுகிறான் அல்லவா, அவனிடம் சொல். அப்போது யுனைடெட் இரண்டாம் டிவிஷனில் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம்.

இவர்களில் ஒருத்தரை உனக்குத் தெரியும். சி.பி. ஃபிரை. ஆமாம், நம் ரஞ்சித்சிங்ஜியோடு சசெக்ஸுக்கு பேட்டிங் செய்த அதே ஃபிரைதான். கிரிக்கெட்டில் இங்கிலாந்து கேப்டன், நீளம் தாண்டுவதில் உலக சாதனையைத் தொட்டவர், கால்பந்தில் கொரிந்தியனுக்கு பேக். ஒரே ஆளுக்கு இவ்வளவு கொடுத்த கடவுள் நமக்கு ஒரு நல்ல பூட்ஸாவது கொடுத்திருக்கலாம்.

1891-ல் பெனால்டி விதி வந்தபோது இவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கனவான் வேண்டுமென்று காலைத் தட்டிவிடுவான் என்று சட்டமே நினைப்பதா, இது அவமானம் என்று ஃபிரை எழுதினார். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தால் கொரிந்தியன் கோல்கீப்பர் ஓரமாகப் போய்க் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொள்வாராம், போட்டுக்கொள் என்று. தங்களுக்குக் கிடைத்தால் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைப்பார்களாம். இதை வாசித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ பெனால்டி பாக்ஸுக்குள் செய்த அட்டூழியங்களுக்கெல்லாம் நான் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தால் முதுகு தேய்ந்து போயிருக்கும். எனக்கு இந்தக் கதையில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. தோற்றாலும் சோறு நிச்சயம் என்று இருக்கிறவனுக்குத்தான் இந்தப் பெருந்தன்மை கட்டுப்படியாகும்.

சரி, இனிமேல்தான் கதை திரும்புகிறது.

1910-ல் இவர்கள் கப்பலேறி பிரேசில் போனார்கள். ரியோவில் ஃபிளுமினென்ஸ் கிளப்பை 10-1 என்று உரித்துவிட்டு சாவ் பாவ்லோ போனார்கள். அங்கே கால்பந்து அப்போது பணக்கார கிளப்புகளின் சொத்து. வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் போம் ரெட்டிரோ என்ற தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்த ஐந்து பேர் இருந்தார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் இரண்டு பேர், செருப்புத் தைப்பவர் ஒருவர், வண்டி ஓட்டுபவர் ஒருவர், கூலி வேலைக்காரர் ஒருவர். வெள்ளைக்காரன் ஆடிய ஆட்டத்தில் சொக்கிப் போனார்கள். செப்டம்பர் முதல் தேதி ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் கூடி நின்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கினார்கள். பெயர் என்ன வைப்பது? பார்த்து மயங்கிய பெயரையே வைத்துவிட்டார்கள். ஸ்போர்ட் கிளப் கொரிந்தியன்ஸ் பாவ்லிஸ்தா.

நீயும் நானும் மற்றவர்களும் ரயில்வே குவார்ட்டர்ஸ் லைட் கம்பத்தடியில் நின்று நம் கிளப்புக்குப் பெயர் தேடிய ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு ஒரு பந்து. அந்தப் பந்தின் பிளாடர் மூன்றாவது நாளே போயிற்று. நம் கிளப் ஏழு வருஷம் இருந்தது. அவர்களுடையது இன்று பிரேசிலின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று. கோடிக்கணக்கான ரசிகர்கள். 2012-ல் யோகோஹாமாவில் செல்சியை 1-0 என்று தோற்கடித்து உலக கிளப் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தச் செல்சியின் மைதானம் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். பெயர் கொடுத்த கிளப்போ இங்கே முந்நூறு பேருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது.

கனவான்கள் வீட்டு வாசலில் மாட்டியிருந்த பெயரைச் செருப்புத் தைக்கிறவர் எடுத்துக்கொண்டு போய்த் தன் தெருவில் மாட்டினார், பார். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த இடம் அதுதான்.

மகனை எதிர்த்து ஆடிப் பார்க்கத் தாய்க்கு வெகு காலம் வாய்க்கவில்லை. 1914-ல் மறுபடி பிரேசில் கிளம்பினார்கள். கப்பல் போய்க்கொண்டிருக்கும்போதே உலகப் போர் வெடித்தது. ஆடாமலே திரும்பி வந்து பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பலர் பிழைத்து வரவில்லை. போருக்குப் பின் பழைய மிடுக்கு இல்லை. 1923-ல் கொள்கையைத் தளர்த்தி எஃப்.ஏ. கோப்பைக்குள் நுழைந்தார்கள். மறு வருஷமே பிளாக்பர்னை மறுபடி வீழ்த்தியதோடு சரி, அப்புறம் சரிவுதான். 1939-ல் கேஷுவல்ஸ் என்ற இன்னொரு அமெச்சூர் கிளப்போடு இணைந்தார்கள். சாக்லேட்டும் ரோஸும் அந்த வீட்டுச் சீதனம். இணைந்த வருஷமே அடுத்த போர்!

1956-ல் ஒரே ஒரு தடவை வெம்பிளி ஸ்டேடியம் வரை போனார்கள். அமெச்சூர் கோப்பை இறுதியாட்டம், பிஷப் ஆக்லாந்தோடு 1-1. மறு ஆட்டத்துக்காக மிக்கி ஸ்டூவர்ட், பின்னாளில் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் மேனேஜராக இருந்தாரே அவர்தான், மேற்கிந்தியத் தீவுகளில் கிரிக்கெட்டை விட்டுவிட்டு விமானமேறி வந்தார். தாமதமாகிவிட்டதால் ஆட முடியவில்லை. 4-1 என்று தோற்றார்கள். 1974-ல் அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவையே சங்கம் எடுத்துவிட்டது. மற்ற நான்-லீக் கிளப்புகள் வெளிப்படையாகவே வாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின. இவர்கள் மட்டும் மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

1988-ல் இரண்டு விஷயம் நடந்தது. சொந்த மைதானமில்லாமல் அலைந்தவர்கள் இந்த டோல்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதே வருஷம் சாவ் பாவ்லோவிலிருந்து அழைப்பு வந்தது. பக்கயெம்பு ஸ்டேடியத்தில் கொரிந்தியன்ஸோடு ஒரு ஆட்டம். எதிரணியில் யார் தெரியுமா? பிரேசிலுக்கு உலகக் கோப்பை ஆடிய ரிவெலினோ. அப்புறம், உட்கார்ந்துகொள், சாக்ரடீஸ். 1982 உலகக் கோப்பை பிரேசில் கேப்டன். உன் வீட்டு பீரோ கதவில் அந்தத் தாடிக்காரர் படத்தை ஒட்டி வைத்து உன் அம்மா யாரோ சாமியார் என்று நினைத்தார்களே, அவரேதான்.

ஆட்டத்தில் ஒரே கோல், அடித்தவர் சாக்ரடீஸ். 1-0. பிறகு ஆட்டம் முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தன் ஜெர்சியைக் கழற்றிவிட்டு சாக்லேட்-ரோஸ் ஜெர்சியை மாட்டிக்கொண்டு கேஷுவல்ஸுக்காக ஆடினார். இவர் டாக்டருக்குப் படித்தவர். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தபோது, கொரிந்தியன்ஸ் கிளப்புக்குள் பயிற்சி நேரத்திலிருந்து எல்லாவற்றையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வைத்தவர்களில் ஒருவர். துணி துவைக்கிறவருக்கும் ஒரு ஓட்டு, சாக்ரடீஸுக்கும் ஒரு ஓட்டு. அப்படிப்பட்ட ஆள் கனவான்கள் கிளப் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓடியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது. 2015-லும் அழைத்தார்கள். புது ஸ்டேடியம், பெருங்கூட்டம். 3-0 என்று தோற்றுவிட்டு இந்தப் பையன்கள் திரும்பி வந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் விசாரித்தேன். இங்கே ஆடுகிறவர்களில் சீமான் வீட்டுப் பிள்ளை யாரும் இல்லையாம். குழாய் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், படிக்கிற பையன்கள். நாலு மைல் தள்ளி இன்னொரு கிளப்புக்குப் போனால் வாரா வாரம் கையில் காசு கிடைக்கும். நன்றாக ஆடுகிறவன் சிலசமயம் போயும் விடுகிறான், யாரும் குறை சொல்வதில்லை. மீதிப் பேர் இருக்கிறார்கள். 1882-ல் காசு வேண்டாம் என்றது வேறு, இன்று குழாய் வேலை செய்கிறவர் வேண்டாம் என்பது வேறு. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். கோட்டா இல்லாவிட்டால் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். நிச்சயம் காசு கொடுக்கிற கிளப்புக்குத்தான் போயிருப்பாய். நானும் உன் பின்னாலேயே வந்திருப்பேன்.

இன்றைய ஆட்டத்தில் 2-1 என்று தோற்றுவிட்டார்கள். இரண்டாவது கோல் கீப்பர் தப்பு, முன்னால் வந்திருக்கவே கூடாது. முடிந்து கிளம்பும்போது அந்த பிரேசில் கொரிந்தியன்ஸின் கறுப்பு-வெள்ளை ஜெர்சி போட்ட ஒருவர், பக்கத்தில் பத்து வயசுப் பையன். பிரேசில்காரர்கள். சுற்றுலா வந்த இடத்தில் அரண்மனையைப் பார்ப்பதுபோல இந்த மைதானத்தைப் பார்க்க ரயிலேறி வந்திருக்கிறார்கள். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம். போட்டோ எடுக்கச் சொல்லிப் போனைக் கொடுத்தார், எடுத்தேன். பிறகு என் கழுத்தில் இருந்த சாக்லேட்-ரோஸ் மஃப்ளரைப் பார்த்துவிட்டு, கிளப்பின் பழைய ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து ஏதோ சொன்னார். கண்ணில் தண்ணீர். இல்லையப்பா, நான் பொன்மலை பிட்டர் என்று எந்த பாஷையில் சொல்வது? மகனை என் பக்கத்தில் நிறுத்தி மூன்று படம் எடுத்துக்கொண்டார். நானும் நிமிர்ந்து நின்றேன்.

உனக்கும் ஒரு மஃப்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். ரோஸ் கலரா என்று கேட்காதே. ஆபரேஷன் தேதி முடிவானதும் பையனை விட்டு மகளுக்குப் போன் போடச் சொல்.

அன்புடன்,
உன் கோல்கீப்பர்