பேய்ப்படங்களோடு ஓர் ஆண்டு: நமது திரைப்பட வட்டத்தின் செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சியோலிலிருந்தும் சுவோனிலிருந்தும் தேஜானிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் கொரியத் திகில் படங்களைப் பார்ப்பது என்ற தீர்மானம் கடந்த பொதுக்குழுவில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. "வாரமெல்லாம் ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேயைப் பார்க்க வேண்டுமா?" என்று அன்று கேட்ட மூத்த உறுப்பினர், பிறகு நடந்த ஒரு திரையிடலுக்கும் வராமல் இருந்ததில்லை. அதை முதலில் பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டத்தில் படம் போடவில்லை. கொரிய இலக்கியம் பயிலும் நம் உறுப்பினர் ஒருவர், ஜாங்ஹ்வா, ஹாங்ரியான் என்னும் அக்காள் தங்கையின் நாட்டுப்புறக் கதையைச் சொன்னார். சிற்றன்னையின் சூழ்ச்சியால் அக்காள் குளத்தில் மூழ்கடிக்கப்படுகிறாள். தங்கை அதே நீரில் இறங்கிவிடுகிறாள். பிறகு ஆவிகள் பழிவாங்கப் புறப்படுவதில்லை. ஊர் அதிகாரியிடம் முறையிடப் போகின்றன. வந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக அச்சத்தில் உயிரை விடுகிறார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழாமல், "உன் குறை என்ன, சொல்" என்று கேட்கிறார். வழக்கு விசாரிக்கப்படுகிறது. பேய் மனுக் கொடுக்க வருகிறது என்ற இந்த ஒரு செய்தி ஆண்டு முழுக்க எங்கள் கூடவே வந்தது. அதன் பிறகு எந்தப் படம் முடிந்தாலும் "இது யாரிடம் என்ன கேட்கிறது?" என்றுதான் எங்கள் பேச்சு தொடங்கியது.

இந்தக் கதை 1924இலேயே மௌனப்படமாக வந்துவிட்டது. கொரியர்களே முழுவதுமாக உருவாக்கிய முதல் படங்களில் ஒன்று அது. பிரதி இன்று இல்லை. இயக்குநர் கிம் ஜி-ஊன் 2003இல் அதே கதையைத் தற்கால வீடு ஒன்றுக்குள் கொண்டுவந்தார். 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் திரையரங்கில் பார்த்தார்கள். பூப்போட்ட சுவர்த்தாளும், அலமாரியும், லீ பியாங்-ஊவின் இசையும் பல நாள் மனத்தில் நின்றன. அந்த வீட்டில் விசாரிக்க வரும் அதிகாரி யாரும் இல்லை. குற்ற உணர்ச்சியே வழக்காகவும் தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. இரண்டாம் முறை பார்க்கையில் ஒவ்வொரு உரையாடலும் வேறு பொருள் தந்தது. விவாதம் முடிய இரவு பதினொன்றாகி, கடைசி ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது.

கிம் கி-யங் இயக்கிய ‘ஹான்யோ’ (வேலைக்காரி, 1960) பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. கொரியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பழைய படங்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. இந்தப் படமும் அதில் உண்டு. புதிதாகக் கட்டிய இரண்டு மாடி வீடு, ஒரு பியானோ, மாடிப்படி, எலி மருந்து. இவ்வளவுதான் பொருள்கள். பேய் இல்லை. ஆனால் வீடு கட்டக் கடன்பட்ட ஒரு குடும்பத்தின் அச்சம் படிக்குப் படி ஏறுகிறது. 

இந்தப் படம் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையும் சொல்லத் தக்கது. 1982இல் மூல நெகட்டிவ் கிடைத்தபோது அதில் இரண்டு சுருள்கள் இல்லை. 1990இல் ஒரு திரையரங்கப் பிரதி கிடைத்தது. அதில் கையால் எழுதிய ஆங்கில வசனங்கள் படத்தின் மேலேயே பெரிதாகப் பதிந்திருந்தன. 2008இல் ஆவணக்காப்பகமும் உலகத் திரைப்பட அறக்கட்டளையும் சேர்ந்து படத்தை மீட்டபோது, அந்த எழுத்துகளை ஒவ்வொரு படச்சட்டமாக அழித்து, அடியில் மறைந்திருந்த முகங்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கான் விழாவில் படம் திரையிடப்பட்டது. கிம் கி-யங் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பல ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த அவரை 1997ஆம் ஆண்டு பூசான் விழா மீண்டும் மேடையேற்றியது. பெர்லின் விழாவும் அழைத்தது. 1998 பிப்ரவரியில், அங்கே புறப்படும் முன்னரே, வீட்டில் பற்றிய தீயில் அவரும் மனைவியும் இறந்துபோனார்கள். பல் மருத்துவரான அந்த அம்மையாரின் வருமானம்தான் கணவரின் படங்கள் பலவற்றுக்குத் தாங்கலாக இருந்தது. அன்று கூட்டத்தில் இருவருக்கும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். அந்த யோசனையைச் சொன்னவர் நம் மூத்த உறுப்பினர்தான்.

அடுத்து, பள்ளிக்கூடப் பேய்கள். படங்களை வெளியிடும் முன்பே தணிக்கை செய்யும் முறை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று கொரிய அரசியல் சட்ட நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, 1998 மே மாதம் ‘யோகோ குவேதாம்’ (பெண்கள் பள்ளிக்கூடப் பேய்க்கதை) வந்தது. மாணவிகளை அடிக்கும் ஆசிரியர், மதிப்பெண் போட்டி, நட்பை உடைக்கும் தரவரிசை ஆகியவைதான் அதன் உள்ளடக்கம். இறந்த பெண் ஒருத்தி ஆண்டுக்கணக்காக அதே பள்ளியில் மாணவியாக உட்கார்ந்திருக்கிறாள். எந்த ஆசிரியரும் கவனிக்கவில்லை. நடைக்கூடத்தின் கோடியில் நிற்கும் அவள் சில வெட்டுகளில் நம் முகத்தருகே வந்துவிடும் காட்சியைப் பார்த்து அலறாதவர் எங்களில் இல்லை. ஆனால் யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவள் மனு. இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் உறுப்பினர்கள் அன்று பேசியதைக் கேட்டு நான் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டேன்.

இந்த வரிசையைத் தயாரித்தவர் லீ சுன்-யான். 1998 முதல் 2021 வரை ஆறு படங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு இயக்குநர், பெரும்பாலும் முதல் வாய்ப்புத் தேடி நின்றவர்கள். நடிகைகளும் அப்படியே. கோங் ஹ்யோ-ஜின், சாங் ஜி-ஹ்யோ, கிம் ஓக்-பின் முதலியோர் பரவலாக அறிமுகமானது இந்தப் பள்ளிக்கூடங்களில்தான். வெற்றி பெற்ற ஒரு பெயரை வைத்துக்கொண்டு பெரிய நட்சத்திரங்களைத் தேடிப் போவது எளிது. அவர் புதியவர்களுக்கே கதவைத் திறந்துவைத்தார். 2021 மே மாதம் அவர் காலமானார். ஆறாவது படம் அடுத்த மாதம் வெளிவந்தது. திகில் படங்களின் வரலாற்றை இயக்குநர் பெயர்களால் மட்டும் எழுதுவது தவறு என்று இந்த ஆண்டில் நான் உறுதியாக நம்பத் தொடங்கினேன்.

காங் சூ-சாங்கின் ‘ஆர் பாயிண்ட்’ (2004) திரையிட்ட அன்று வாடகை மண்டபத்தில் ஒரு குளறுபடி. முன்பதிவு வேறொருவருக்கும் தரப்பட்டிருந்ததால் ஓர் உறுப்பினரின் வீட்டுக் கூடத்தில், தரையில் அமர்ந்து பார்த்தோம். வியட்நாம் போரில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட கொரிய வீரர்களிடமிருந்து வானொலி அழைப்பு வருகிறது. தேடிப் போகும் படைப்பிரிவு திரும்பும் வழியை இழக்கிறது. படப்பிடிப்பு நடந்த பாழடைந்த கட்டடம் கம்போடியாவின் போகோர் மலையில் உள்ளது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் அந்தப் போருக்கு அனுப்பப்பட்டவர்கள். படம் முடிந்ததும் யாரும் விளக்கைப் போடவில்லை.

மே மாதம் கோக்சோங் பயணம். யோங்சானில் ரயில் ஏறி, தெற்கு ஜொல்லாவின் அந்தச் சிற்றூரில் இறங்கினால் எங்கும் ரோஜா. இயக்குநர் நா ஹாங்-ஜினின் 2016ஆம் ஆண்டுப் படத்தின் பெயரும் ‘கோக்சோங்’. ஊரின் பெயருக்குச் சீன எழுத்தில் பள்ளத்தாக்குக் கோட்டை என்று பொருள். படத்தின் பெயருக்கு அழுகுரல் என்று பொருள். ஒலி ஒன்றுதான். ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற கவலை அப்போது எழுந்தது. மாவட்டத் தலைவரோ, படம் பார்த்தவர்கள் இங்கே வந்து ஊரின் உண்மையான அழகைப் பார்க்கட்டும் என்று வரவேற்றுக் கட்டுரை எழுதினார். அந்த அழைப்பை ஏற்றுத்தான் போனோம் என்று சொல்லலாம். செம்ஜின் ஆற்றங்கரையில் நின்றபோது, படத்தில் அந்த மலைகள் மேல் கவிந்திருந்த மழையையும் மூடுபனியையும் ஒளிப்பதிவாளர் ஹாங் கியாங்-பியோ எப்படிப் பிடித்தார் என்பதைப் பற்றியே பேச்சு.

அந்தப் படத்தின் மந்திரச் சடங்குக் காட்சியில் இரண்டு சடங்குகள் மாறி மாறி வருகின்றன. பூசாரி, ஊருக்குள் வந்த அந்நியனை எதிர்த்துப் போராடுகிறார் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அவர் கைவைப்பது யார் மேல்? படத்தொகுப்பே நம்மை ஏமாற்றுகிறது. சிறுமியாக நடித்த கிம் ஹ்வான்-ஹீயின் உடல் முறுக்கங்களுக்குப் பயிற்சி அளித்தவர் நடன அமைப்பாளர் பாக் ஜே-இன். அதே கோடையில் வந்த ‘டிரெயின் டு பூசான்’ படத்தின் உயிர்ப்பிணங்களின் அசைவிலும் அவர் பங்கு உண்டு. அச்சத்தைக் கணினி செய்கிறது என்று நினைத்திருந்த எங்களுக்கு இது நல்ல பாடம். சிறுமி தந்தையிடம் ஜொல்லா வட்டார வழக்கில் கேட்கும் "எது முக்கியம்?" என்ற கேள்வி அந்த ஆண்டு நாடெங்கும் வழக்குச் சொல் ஆனது. சியோல் கொரியமொழி மட்டுமே தெரிந்த எனக்கு, ஊர்ப் பாட்டி ஒருவர் அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தது பெரும் பேறு.

மொழிபெயர்ப்புக் குழுவின் பணிக்கு ஒரு வார்த்தை. படங்களுக்கெல்லாம் தமிழ்க் குறிப்புத் தாள் தயாரித்தார்கள். ‘ஹன்’ என்ற கொரியச் சொல்தான் பெரிய சிக்கல். வஞ்சம் என்றால் கடுமை கூடுகிறது. துயரம் என்றால் கேட்டுப் பெற வேண்டிய நியாயம் விட்டுப்போகிறது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு ‘ஆறாத மனக்குறை’ என்று எழுதினார்கள். எனக்கு நிறைவாக இருக்கிறது. இன்னும் நல்ல சொல் தோன்றினால் உறுப்பினர்கள் தர வேண்டும்.

கடைசித் திரையிடல் ஜாங் ஜே-ஹ்யானின் ‘பாம்யோ’ (2024). பேரக்குழந்தைக்கு நோய் வர, பூசாரிப் பெண், நிலத்தின் நாடி பார்ப்பவர், பிணம் அடக்குபவர் என்று சிலர் சேர்ந்து ஒரு மூதாதையின் கல்லறையைப் பெயர்க்கிறார்கள். கல்லறைக்கு அடியில் ஜப்பானியக் காலனிய ஆட்சி புதைத்துவைத்த வேறொன்று இருக்கிறது. கதைமாந்தரின் பெயர்கள் விடுதலை வீரர்களுடையவை. கார்களின் எண் பலகைகளில் 0301, 0815, 1945 என்ற எண்கள். விடுதலை நாளையும் மார்ச் முதல் நாள் எழுச்சியையும் அறிந்த கொரியப் பார்வையாளருக்கு அவை சட்டென்று புரியும். எங்களுக்கு ஓர் உறுப்பினரின் கொரிய மாமியார் விளக்கினார். 1 கோடியே 19 லட்சம் பேர் திரையரங்குக்குப் போய்ப் பார்த்த படம் இது. புதைத்ததைத் தோண்டிப் பார்க்க இத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள்.

வரவு செலவு: கோக்சோங் பயணச் செலவு நாங்கள் மதிப்பிட்டதை விடக் கூடிவிட்டது. விவரத்தைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் கூடத்தைத் திறந்துவிட்ட உறுப்பினருக்கும், குறிப்புத் தாள்களை அச்சிட்டுத் தந்த மாணவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். சியோலின் சாங்கம்-தோங்கில் உள்ள ஆவணக்காப்பகத் திரையரங்குக்கு மாதம் ஒருமுறை சேர்ந்து போய், 1960களின் திகில் படங்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அனுமதி இலவசம். இதை வழிமொழிய மூத்த உறுப்பினர் இசைந்திருக்கிறார்.

இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்