எண்பதில் நிற்கிற பேட்டரி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்துவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, மிச்சம் முழுக்க லேப்டாப்பைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். திட்டுகிற தெம்பு வந்திருக்கிறது என்றால் வலி நிஜமாகவே குறைந்திருக்கும். நடையை மட்டும் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது சின்ன எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் என் கண்ணாடியைத் தேடுகிறாள். கண்ணாடியே இனி வேண்டாம் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

சரி, நீ கேட்டதற்குப் பதில். பேட்டரியை மாற்றாதே. இப்போதைக்கு எதையுமே வாங்காதே. உன் மகள் கொடுத்த லேப்டாப் எண்பது சதவீதம் வந்ததும் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது, சார்ஜர் செருகியிருந்தும் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்று காட்டுகிறது, பழுது பார்க்க வந்தவர் ‘பேட்டரி போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதானே? போன பேட்டரி இப்படிச் சொல்லிவைத்தாற்போல தினமும் எண்பதில் வந்து நிற்காது. நூறு காட்டிவிட்டு அரை மணியில் படுத்துவிடும். நாற்பதில் இருந்தது திடீரென்று பத்துக்கு விழும். ஒழுங்காக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அங்கே நிற்கும்படி யாரோ அமைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது லேப்டாப்பே தானாக நிறுத்துகிறது. பெரும்பாலும் உன் மகள்தான். அவளிடம் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அவள் செய்திருந்தால் நல்ல காரியம்தான் செய்திருக்கிறாள். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கிற லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிரம்பும்போது சுமார் 4.2 வோல்ட்டைத் தொடும். சில வகைகள் இன்னும் கொஞ்சம் மேலே போகும். அந்த உச்சத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும், கூடவே சூடும் சேர்ந்துகொள்வதும்தான் அதன் ஆயுளைத் தின்கின்றன. நீயோ காலையில் சார்ஜரைச் செருகினால் இரவு வரை எடுக்கிற ஆள் இல்லை. நூறிலேயே நிறுத்தி வைத்தால் பேட்டரியை ஒரு நிமிடம்கூடப் பயன்படுத்தாமலே அது கிழடாகிவிடும். எண்பதில் நிறுத்தினால் அந்தத் தேய்மானம் மெதுவாக நடக்கும்.

சார்ஜ் முதலில் மளமளவென்று ஏறி, எண்பதுக்கு மேல் இழுபறியாகிறது என்றும் எழுதியிருந்தாய், எண்பதுக் கட்டுப்பாடு இல்லாத உன் மருமகன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு. அதுவும் கோளாறு இல்லை. முதல் பகுதியில் சார்ஜர் ஒரே அளவு மின்னோட்டத்தை உள்ளே தள்ளும். செல் தன் வோல்டேஜ் வரம்பைத் தொட்டதும், வோல்டேஜை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் கடைசி நாலு பேர் ஏறுகிற மாதிரி, நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

இதெல்லாம் செட்டிங்ஸில் தேடியும் கிடைக்கவில்லை என்கிறாய். கிடைக்காது. கோளாறு தேடுகிற இடத்தில் இருக்கிறது. ஒரே வசதிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு இடத்தில் ஒளித்தும் வைத்திருக்கிறார்கள். லெனோவோ ஐடியாபேடில் அது ‘கன்சர்வேஷன் மோட்’, வான்டேஜ் செயலிக்குள் இருக்கும். அதே லெனோவோவின் திங்க்பேடில் எத்தனை சதவீதத்தில் ஏறத் தொடங்க வேண்டும், எத்தனையில் நிற்க வேண்டும் என்று இரண்டு எண்ணாகவே கொடுக்கலாம். ஆசுஸில் ‘மைஆசுஸ்’ செயலியில் ‘பேட்டரி ஹெல்த் சார்ஜிங்’ என்ற பெயரில் இருக்கும், சில மாடல்களில் எண்பது வரையா அறுபது வரையா என்று கேட்கும். ஹெச்பியின் அலுவலக மாடல்களிலும் டெல் லேப்டாப்புகளிலும் பயாஸுக்குள்ளேயே, அதாவது விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே திறக்கிற அடிப்படை அமைப்புத் திரைக்குள்ளேயே, வைத்துவிடுவார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் அதன் வாடையே அடிக்காது. ஆப்பிள் ஒரு படி மேலே போய், உன் பழக்கத்தைப் பார்த்துத் தானே எண்பதில் நிறுத்தி வைத்து, நீ வழக்கமாகச் சார்ஜரைக் கழற்றுகிற நேரத்துக்கு முன்னால் மிச்சத்தை ஏற்றும். அப்புறம் எப்படி ஒருவன் தேடிக் கண்டுபிடிப்பான்?

இங்கேதான் என் பழைய தொழில் வருகிறது. இத்தனை வருடம் சாதனக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவன் நான். என் வீட்டில்கூட யாரும் அவற்றைப் படித்ததில்லை என்பது வேறு விஷயம். எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: உன் கேள்விக்குப் பதில் அனேகமாக எங்கோ அச்சாகித்தான் கிடக்கிறது. ஆனால் பெட்டியோடு வந்த மடிப்புத் தாளில் இல்லை. அது சார்ஜரை எங்கே செருகுவது என்று படம் போட்டுக் காட்டுவதோடு சரி. பாதுகாப்பு எச்சரிக்கைகளும் உத்தரவாத விதிகளும் கொண்ட இன்னொரு புத்தகம் பல மொழிகளில் தடிமனாக இருக்கும். அது வக்கீல்களுக்காக எழுதப்படுவது. உனக்கு வேண்டியது ‘யூசர் கைடு’. பேட்டரியைக் கழற்றும் அளவுக்குப் போனால் அதற்கு ‘சர்வீஸ் மேனுவல்’ அல்லது ‘மெயின்டெனன்ஸ் கைடு’ என்று தனியாக ஒன்று உண்டு. எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எந்த ஒயரை முதலில் பிடுங்குவது என்பது வரை அதில் இருக்கும். பெரிய நிறுவனங்கள் பல இந்த இரண்டையும் தங்கள் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்துப் போடு. மூடிமேல் மின்னுகிற பெயரை நம்பாதே, அது குடும்பப் பெயர். அதே பெயரில் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு பேட்டரியோடு எத்தனையோ உருப்படிகள் வந்திருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் அல்லது பொறித்திருக்கும் பொடி எழுத்தைப் பார். சீரியல் நம்பர் என்று இருக்கும். டெல் என்றால் ‘சர்வீஸ் டேக்’. எழுத்து அழிந்து போயிருந்தால் பயாஸின் முதல் பக்கத்தில் இருக்கும். லேப்டாப் உயிர்பெறுகிற கணத்தில் எஃப்2, எஃப்10 மாதிரி ஒரு விசையை அழுத்தி உள்ளே போகலாம். மேக்புக் என்றால் ‘இந்த மேக் பற்றி’ என்பதிலேயே இருக்கும். சார்ஜர் மேல் இருக்கிற நம்பரைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதே, அதற்குத் தனி நம்பர்.

அந்த எண்ணை நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால் உன் உருப்படிக்கே உரிய பக்கம் திறக்கும். அதில் டிரைவர்கள் என்று ஒரு பகுதி, ‘மேனுவல்ஸ்’ அல்லது ‘டாக்குமென்டேஷன்’ என்று ஒரு பகுதி. இரண்டாவதுக்குள் போ. தேடுபொறியில் நேரே தேடினால் கையேடு தருவதாகச் சொல்லிக்கொண்டு ஏதேதோ தளங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னாலோ, கார்டு விவரம் கேட்டாலோ உடனே மூடிவிடு. நிஜமான கையேடு வெறும் பிடிஎஃப்தான், அல்லது சாதாரண இணையப் பக்கம்.

திறந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ ‘எண்பதில் நிற்கிறது’ என்று தேடுவாய். கையேட்டில் அப்படி ஒரு வரி இருக்காது. எழுதுகிறவன் வசதியின் பெயரைத்தான் தலைப்பாக வைப்பான், அவதிப்படுகிறவன் என்ன சொல்லித் தேடுவான் என்று யோசிக்க அவனுக்கு நேரம் கொடுக்கமாட்டார்கள். எனக்கும் கொடுத்ததில்லை. ஆகவே பிடிஎஃப்பின் தேடல் பெட்டியில் ‘சார்ஜ்’, ‘த்ரெஷோல்டு’, ‘லிமிட்’, ‘பேட்டரி ஹெல்த்’ என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். ‘சில மாடல்களில் மட்டும்’ என்று ஓரத்தில் வருகிற குறிப்பைத் தாண்டிப் போய்விடாதே. ஒரே கையேட்டைப் பல மாடல்களுக்கும் பொதுவாக எழுதும்போது நாங்கள் போடுகிற தப்பிக்கும் வாசகம் அது. அதே கையேட்டில் விளக்குகளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், அதை அவசியம் படி. சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வருகிறதே, அது ஆரஞ்சாக நிலைத்திருந்தால் ஒரு பொருள், மினுக்கினால் வேறு பொருள், வெள்ளையானால் இன்னொன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

கிடைத்ததும் பிடிஎஃப்பை உன் போனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள். ‘ஆன் ஆகாவிட்டால் என்ன செய்வது’ என்ற அத்தியாயத்தை ஆன் ஆகாத லேப்டாப்புக்குள் வைத்திருந்து என்ன பிரயோஜனம்?

பேட்டரியின் உண்மையான உடல்நிலை தெரிய வேண்டுமா? விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்டை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற கறுப்புச் சாளரத்தைத் திற. ‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு (/) போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டு. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். ஓர் அறிக்கை உருவாகி, எங்கே சேமித்திருக்கிறது என்றும் சொல்லும். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்பது இப்போது முழுதாக ஏற்றினால் பிடிப்பது. முதலாவது 50,000 என்றும் இரண்டாவது 41,000 என்றும் இருந்தால் 82 சதவீதம் மிச்சம், கவலையே வேண்டாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் அந்தப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடு. ‘சைக்கிள் கவுன்ட்’ என்பது சார்ஜரைச் செருகிய தடவைகள் இல்லை. பாதிப் பாதியாக இரண்டு முறை செலவழித்தால்தான் ஒரு சுற்று. ஆப்பிள் தன் அண்மைக்கால மேக்புக்குகளுக்கு 1000 சுற்று என்று கணக்கு வைத்திருக்கிறது.

போன் சார்ஜரைச் செருகினால் ஆமை வேகத்தில் ஏறுகிறது என்றாயே, அதற்குக் கணக்கு எளிது. லேப்டாப்போடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பார். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள், 65 வாட். போன் சார்ஜர் 20 வாட் தருவதாக இருந்தால் நீ தட்டச்சு செய்கிற செலவுக்கே அது சரியாகப் போய்விடும். யூஎஸ்பி-சியில் இரண்டு பக்கமும் பேசி எத்தனை வோல்ட் என்று முடிவு செய்துகொள்ளும், அதனால் பெரிய சார்ஜரைச் செருகினாலும் பயமில்லை. கேபிளையும் கவனி. சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

நம் பள்ளி பெஞ்சின் மூன்றாவது ஆள் போன வாரம் பேசினான். இன்னமும் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து அணைந்த பிறகுதான் சார்ஜ் போடுகிறானாம், ‘அப்போதுதான் நினைவு கெடாது’ என்கிறான். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சாத்திரம். பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் தராது என்பார்கள். 1991-இல் சோனி லித்தியம் அயனை விற்பனைக்குக் கொண்டுவந்ததோடு அந்தச் சாத்திரத்துக்கு வேலை போய்விட்டது. லித்தியம் அயனுக்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அதில் ஜான் குடினஃபுக்கு அப்போது 97 வயது. நீ எழுதிக்கொண்டிருக்கிற சுயசரிதையை முடிக்காததற்கு வயதைக் காரணம் சொல்கிறாய்.

ஒன்றே ஒன்று பயப்பட வேண்டியது: டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிப்பாகம் உப்பி மேசையில் ஆடினாலோ உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடு. பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்திப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது எல்லாம் கூடாது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவும் தெரிந்தவர் கையால்.

மகள் வீட்டுக்குப் போய் ரெண்டு மூன்று மாதம் இருக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். லேப்டாப்பை விட்டுவிட்டுப் போவதானால் பாதி சார்ஜில் அணைத்து, வெயில் படாத இடத்தில் வை. எடுத்துக்கொண்டு விமானத்தில் போவதானால் கைப்பையிலேயே வை. 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்கள், உன்னுடையது அதற்குள்தான் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் அந்த எண்பதுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள், திரும்பி வந்ததும் பழையபடி போட்டுவிடு.

அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எனக்கு மட்டும் அனுப்பு, குழுவில் போடாதே. கையேட்டைத் தேடி எடுத்து, எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்பிவிடுகிறேன். கூடவே சுயசரிதையின் பள்ளிக்கூட அத்தியாயத்தையும் அனுப்பு. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்